வெங்கானூர் தந்த அய்யன்காளி

திருவனந்தபுரத்தில் வெள்ளயம்பலம் சந்திப்பைக் கடந்து செல்வோர் அங்கு உயர்ந்து நிற்கும் ஒரு சிலையைக் கண்டிருப்பர். தலைப்பாகையும் நீண்ட மேற்சட்டையும் அணிந்து நிமிர்ந்து நிற்கும் அவ்வுருவத்தை ஓர் அமைச்சருடையது என்றோ அரண்மனை அதிகாரியுடையது என்றோ புதியவர் எண்ணக்கூடும். உண்மையில் அவர் வயலில் உழைத்த குடும்பத்தில் பிறந்தவர். மாணவராகப் பள்ளிக்கூடத்தின் படியை ஒருநாளும் மிதியாதவர். ஆயினும் பிறர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் அமர வேண்டும் என்பதற்காகத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். அவரே அய்யன்காளி.

திருவனந்தபுரம் நகருக்குத் தெற்கே, விழிஞம் கடற்கரைக்கு அருகில் உள்ள சிற்றூர் வெங்கானூர். அங்கு 1863ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், அய்யன், மாலா ஆகியோருக்கு மகனாக அய்யன்காளி பிறந்தார். அவர் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1855இல், திருவிதாங்கூர் அரசு அடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்திருந்தது. அதற்குமுன் புலையர் முதலிய சமூகத்து மக்கள் நிலத்தோடும் மாட்டோடும் சேர்த்து விற்கப்பட்டனர், அடகும் வைக்கப்பட்டனர். சட்டம் மாறியது, வழக்கம் மாறவில்லை. பொதுச் சாலையில் அவர்கள் நடக்கலாகாது, சந்தைக்குள் நுழையலாகாது, முழங்காலுக்குக் கீழே ஆடை உடுத்தலாகாது. பெண்கள் மார்பை மறைக்கலாகாது. பொன்னும் வெள்ளியும் பூணலாகாது. கல்லும் கண்ணாடி மணியும் கோத்த மாலைகளையே கழுத்தில் அணிய வேண்டும். நோயுற்றவரை மருத்துவமனைக்குள் விடமாட்டார்கள். வழக்குடையவர் நீதிமன்றத்தின் உள்ளே செல்ல இயலாது. தொலைவில் நின்று கூவியே தம் குறையைச் சொல்ல வேண்டும்.

அய்யனின் குடும்பம் மற்றவர்களைவிடச் சற்று வசதி உடையது. காடு திருத்திக் கழனியாக்கிய அவருடைய உழைப்பை மதித்து, நிலக்கிழார் ஒருவர் அந்நிலத்தில் ஒரு பகுதியை அவருக்கே அளித்திருந்தார். எனவே அரைவயிற்றுக் கூழுக்காகப் பிறர் வாசலில் நிற்கும் நிலை அய்யன்காளிக்கு ஏற்படவில்லை. சோற்றுக்குக் குறைவில்லை, மானத்துக்குத்தான் இடமில்லை. சிறுவயதில் அவர் உதைத்த பந்து உயர்சாதியார் ஒருவரின் வீட்டுக் கூரைமேல் விழுந்ததாம். அதற்காக வசைபட்ட சிறுவன், அன்றுமுதல் அப்பிள்ளைகளோடு விளையாடுவதை விட்டுவிட்டான் என்று கூறுவர். இளைஞரானபின் தம் வயதொத்த நண்பர்களைச் சேர்த்துச் சிலம்பமும் அடிமுறையும் பயின்றார். நாட்டுப்புறப் பாட்டிலும் கூத்திலும் வல்லவராக விளங்கினார். உயரமும் உடற்கட்டும் மிக்க அவரை மக்கள் ஊர்ப்பிள்ளை என்றும் மூத்தபிள்ளை என்றும் அன்போடு அழைத்தனர். 1888இல் செல்லம்மாவை மணந்தார்.

1893ஆம் ஆண்டு அவர் ஒரு வில்வண்டியை விலைக்கு வாங்கினார். வில்வண்டி என்பது அக்காலத்தில் நிலக்கிழார்களும் அதிகாரிகளும் ஏறிச்செல்லும் வண்டி. அதில் இரண்டு வெள்ளைக் காளைகளைப் பூட்டி, அவற்றின் கழுத்தில் மணி கட்டினார். தாமும் வெள்ளை வேட்டி உடுத்து, மேலாடை அணிந்து, தலைப்பாகை சூடி, பொதுச் சாலையில் வண்டியைச் செலுத்தினார். வழிமறித்தவர்களை அவரும் நண்பர்களும் எதிர்கொண்டனர். பொதுச் சாலை அனைவருக்கும் உரியது என அரசு முன்பே அறிவித்திருந்தும், அந்த அறிவிப்பை நம்பிச் சாலையில் இறங்க அதுவரை எவரும் துணியவில்லை. ஆணை ஒன்று ஏட்டில் இருப்பதற்கும் நாட்டில் நடப்பதற்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதை அய்யன்காளி அந்த வண்டியில் அமர்ந்தே அளந்தார் எனலாம். இந்தத் தொலைவை அவர் வாழ்நாள் முழுவதும் கடக்க வேண்டியிருந்தது.

1898இல் நண்பர்களோடு சந்தையை நோக்கி நடந்தபோது, பாலராமபுரத்துச் சாலியர் தெருவில் பெருங்கலகம் மூண்டது. இரு பக்கத்திலும் பலர் காயமுற்றனர். அதன் எதிரொலியாக அண்டை ஊர்களிலும் மக்கள் வழிநடக்கும் உரிமை கேட்டுக் கிளர்ந்தெழுந்தனர். தெருத்தெருவாக அடிபட்டும் திருப்பி அடித்தும் பெற்ற உரிமை அது. இதனை மென்மையாகச் சொல்லிக் கடந்துவிடுவது வரலாற்றுக்குச் செய்யும் நீதியாகாது.

அக்காலத் திருவனந்தபுரத்தில் தைக்காடு அய்யாவு சுவாமிகள் என்னும் தமிழ்ப் பெரியார் வாழ்ந்தார். ஆங்கிலேய ரெசிடென்ட்டின் மாளிகையில் அலுவலராகப் பணியாற்றிய அவர், தம் இல்லத்தில் எல்லாச் சாதியாரையும் ஒரே வரிசையில் அமர்த்தி உணவு பரிமாறினார். அப்பந்தியில் அய்யன்காளியும் அமர்ந்து உண்டார். சாலையில் தம்மைக் கண்டவர் விலகி ஓடிய நகரில், இலை போட்டு அருகில் அமர்த்திய ஒரு வீடும் இருந்ததை அவர் மறக்கவில்லை.

சாலையைவிட அரிதாகத் திறந்த கதவு பள்ளிக்கூடத்தின் கதவு. 1904ஆம் ஆண்டில் அய்யன்காளி வெங்கானூரில் ஓலைக் கொட்டகை ஒன்றை எழுப்பித் தம் மக்களின் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். அது தீக்கிரையாக்கப்பட்டது. மீண்டும் கட்டினார். கொட்டகையைக் கட்டுவது எளிது. ஆசிரியர் கிடைப்பது அரிது. தம் சமூகத்தில் எழுத்தறிந்தவர் இல்லை; எழுத்தறிந்தவரோ அங்கு வரத் துணியவில்லை. பின்னாளில் நாயர் சமூகத்தைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் கற்பிக்க இசைந்து வந்தார். ஊராரின் சினத்துக்கு ஆளான அவரைச் சங்கத்து இளைஞர்கள் காவலாக உடன் அழைத்து வந்து, அவ்வாறே திரும்பக் கொண்டு சேர்த்தனர். ஓர் ஆசிரியர் அகர வரிசை கற்பிக்க ஆள்காவலோடு நடந்த காலம் அது.

மேலே சொன்ன சங்கம், 1907இல் அய்யன்காளி நிறுவிய சாது ஜன பரிபாலன சங்கம் ஆகும். எளிய மக்களைப் பேணும் சங்கம் என்பது இதன் பொருள். இப்பெயரை ஊன்றி நோக்குதல் வேண்டும். அக்காலத்தில் ஒவ்வொரு சமூகத்தாரும் தத்தம் சாதியின் பெயராலேயே சங்கம் அமைத்தனர். அய்யன்காளி அவ்வாறு செய்யவில்லை. புலையர், பறையர், குறவர் எனத் தம்முள்ளும் ஏற்றத்தாழ்வு பாராட்டி வந்த பல பிரிவினரை எளியவர் என்னும் ஒரே சொல்லின்கீழ் கொண்டுவர முயன்றார். மதம் மாறியோர் சிலரும் அதில் துணைநின்றனர். வழிபாடும் வழக்கமும் வேறாயினும், வயலில் பெய்யும் மழையும் முதுகில் விழும் அடியும் இவர்கள் எல்லாருக்கும் ஒன்றே அன்றோ!

சங்கத்தின் பணிகள் பலவாயின. வாரத்தில் ஒருநாள் வேலைக்குச் செல்லாமல் கூடிப் பேசும் வழக்கம் ஏற்பட்டது. ஓய்வு நாள் என்பதையே அறியாத உழவர்க்கு அது புதுமை. உறுப்பினர் தரும் சிறு காணிக்கையால் சங்கம் நடைபெற்றது. நீதிமன்றத்துக்கு வெளியே நின்று கூவ வேண்டியிருந்த மக்களுக்காக, வெங்கானூரில் சங்கமே ஒரு வழக்காடு மன்றத்தை நடத்தியது. குடும்பப் பூசலும் வரப்புத் தகராறும் அங்கே விசாரிக்கப்பட்டுத் தீர்க்கப்பட்டன. இன்று சமூகப்பணி என்பது பல்கலைக்கழகங்களில் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. உதவி செய்பவர் மேலிருந்து இரங்கி வழங்குதல் ஆகாது. மக்களின் தேவையை அவர்களிடமே கேட்டறிந்து, அவர்களின் ஆற்றலையே முதலாகக் கொள்ளுதல் வேண்டும். அவர்களுடைய பண்பாட்டை இழிவாக எண்ணலாகாது என்றெல்லாம் அதில் கூறப்படும். அய்யன்காளி இதனை எந்நூலிலும் படித்ததில்லை.

மக்களின் ஆற்றல் எத்தகையது என்பது விரைவில் வெளிப்பட்டது. பள்ளியில் சேர்க்கக் கோரிய விண்ணப்பங்கள் பயன் தராமல் போயின. எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் விடாவிட்டால் உங்கள் வயல்களில் புல்லே முளைக்கும் என்று அய்யன்காளி நிலக்கிழார்களுக்கு அறிவித்தார். உழவர்கள் வயலில் இறங்க மறுத்தனர். கேரளத்தின் முதல் உழவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் என இதனை வரலாற்றாசிரியர் பலர் குறிப்பிடுவர். பிள்ளைகளுக்குக் கல்வி, சாலையில் நடக்கும் உரிமை, அடிப்பதையும் பொய்வழக்குப் போடுவதையும் நிறுத்துதல், ஓய்வு ஆகியவை கோரிக்கைகள். கூலியை முதன்மையாகக் கொள்ளாமல், பள்ளிக்கூடத்தை முன்வைத்து உழவர் நடத்திய வேலைநிறுத்தம் உலக வரலாற்றிலேயே அரியது.

அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்ணும் மக்கள் எத்தனை நாள் தாங்குவர்? பசி தாமே அவர்களை அழைத்து வரும் என நிலக்கிழார்கள் காத்திருந்தனர். அய்யன்காளி விழிஞத்து மீனவர்களிடம் சென்றார். படகு ஒன்றுக்கு இவ்வளவு பேர் எனச் சங்கத்தாரை ஏற்றிச் சென்று, பிடித்த மீனில் பங்கு தர அவர்கள் இசைந்தனர். வேறு தொழிலும் வேறு வழக்கமும் உடைய கடற்கரை மக்கள் கொடுத்த கை அது. வயல்கள் களை மண்டிக் கிடந்தன. தாமே சேற்றில் இறங்கிய நிலக்கிழார்கள் சிலர் காய்ச்சல் கண்டு கரையேறினர். இறுதியில் முதல் வகுப்பு நீதிபதி கண்டலா நாகம்பிள்ளை நடுநின்று பேசினார். உழவர்களின் கோரிக்கைகள் பெரிதும் ஏற்கப்பட்டன.

1910இல் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வழிசெய்யும் அரசாணை வெளிவந்தது. அப்போதைய திவான் பி. இராஜகோபாலாச்சாரி அதற்கு ஆதரவாக இருந்தார். (சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கிய இராஜாஜி வேறு; இவர் வேறு.) இதனை எதிர்த்தவர்களுள் ஒருவர் சுதேசாபிமானி இராமகிருஷ்ண பிள்ளை என்பது வியப்பளிக்கும். அரசின் ஊழலைத் துணிவோடு சாடி, அதனால் 1910 செப்டம்பரில் நாடு கடத்தப்பட்ட இதழாசிரியர் அவர். எழுத்துரிமைக்காக இன்றும் போற்றப்படுபவர். அவரே, தலைமுறை தலைமுறையாக அறிவைப் பயிரிட்டவர் பிள்ளைகளையும் நிலத்தைப் பயிரிட்டவர் பிள்ளைகளையும் ஒன்றாக அமர்த்துவது, குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போலாகும் என்ற பொருள்பட எழுதினார். ஒரு கொடுமையை எதிர்ப்பவர் கண்ணுக்கு மற்றொரு கொடுமை புலப்படாமல் போவதும் உண்டு. அவருடைய பெருமையைக் கூறும்போது இதனையும் மறையாமல் கூறுதலே முறை.

அரசாணை வந்தபின்னும் பள்ளிகள் திறக்கவில்லை. 1914இல் அய்யன்காளி, பஞ்சமி என்னும் சிறுமியை அழைத்துக்கொண்டு பாலராமபுரத்துக்கு அருகிலுள்ள ஊருட்டம்பலம் பள்ளிக்குச் சென்றார். அவள் பூசாரி அய்யன் என்பவரின் மகள். கையில் அரசாணை, பின்னால் சங்கத்து இளைஞர்கள். தலைமையாசிரியர் மறுத்தார். அய்யன்காளி சிறுமியை உள்ளே அழைத்துச் சென்று பலகையில் அமர்த்தினார். மற்றப் பிள்ளைகள் எழுந்து வெளியேறினர். வெளியே கைகலப்பு மூண்டது. அப்பள்ளி கொளுத்தப்பட்டது. ஒரு சிறுமி அமர்ந்த இடத்தில் தங்கள் பிள்ளைகள் அமர்வதைவிட அந்த இடமே எரிந்துபோகட்டும் என எண்ணும் அளவுக்கு வெறுப்பு முற்றியிருந்தது. கலவரம் சுற்றுப்புற ஊர்களுக்கும் பரவியது.

இந்நிகழ்ச்சிக்கு 46 ஆண்டுகளுக்குப்பின், 1960 நவம்பரில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரில் ரூபி பிரிட்ஜஸ் என்னும் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, வெள்ளையர் மட்டுமே பயின்ற பள்ளிக்குள் அரசுக் காவலர் சூழ நுழைந்தாள். அங்கும் நீதிமன்ற ஆணை இருந்தது. அங்கும் பெற்றோர்கள் தம் பிள்ளைகளை வகுப்பிலிருந்து வெளியே அழைத்துச் சென்றனர். ஓராண்டுக் காலம் ஆசிரியை ஒருவர் அச்சிறுமிக்கு மட்டும் தனியே பாடம் நடத்தினார். நிறவெறியும் சாதிவெறியும் தோற்றத்தால் வேறானவை. இரண்டும் வெவ்வேறு மண்ணில் வெவ்வேறு காரணங்களால் வளர்ந்தவை. ஆனால் பள்ளி வாசலில் நின்ற இரு சிறுமியரும் கண்டது ஒரே முகத்தைத்தான். ரூபிக்குக் காவலாக அரசு வந்தது. பஞ்சமிக்கு வெங்கானூர் மக்களே காவல்.

இதற்கிடையில் 1911 டிசம்பரில் அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அச்சபையின் கூட்டங்கள் நடைபெற்ற விக்டோரியா மண்டபம் நகரின் நடுவே உள்ளது. அவரைப் போன்றோர் அதன் வாயிலை அணுகுவதையே எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. எழுதத் தெரியாத அவர் சபையில் எழுந்து நிலமற்றவர்க்குப் புறம்போக்கு நிலமும், மாணவர்க்குக் கட்டணச் சலுகையும், கற்றவர்க்கு அரசு வேலையும் கேட்டார். ஏறத்தாழ 25 ஆண்டுகள் உறுப்பினராக இருந்து ஆண்டுதோறும் ஏறக்குறைய அவற்றையே கேட்டார். சலிப்பின்றிக் கேட்டார் என்பதே அவருடைய சபைப் பணியின் சிறப்பு.

1915 அக்டோபரில் கொல்லத்துக்கு அருகிலுள்ள பெரிநாட்டில் பெருந்துயரம் நிகழ்ந்தது. இழிவின் அடையாளமான கல்மாலையைப் பெண்கள் கழற்ற வேண்டும் என்று கோபாலதாசன் என்பவரின் தலைமையில் கூடிய கூட்டத்தின்மீது தாக்குதல் நடந்தது. குடிசைகள் கூட்டங் கூட்டமாக எரிந்தன. மக்கள் கொல்லம் நகருக்கு ஓடி அடைக்கலம் புகுந்தனர். அய்யன்காளி அங்கு விரைந்தார். பழிவாங்கும் எண்ணம் எங்கும் கனன்றுகொண்டிருந்தது. இளமையில் அடிக்கு அடி கொடுத்த அவர், இப்போது வேறு வழியைத் தேர்ந்தார். இரு தரப்பாரையும் ஒரே பந்தலில் கூட்ட முயன்று, அரசின் இசைவையும் பெற்றார். டிசம்பரில் ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் கூடிய அப்பேரவைக்கு நாயர் சமூகத் தலைவர் சங்ஙனாசேரி பரமேசுவரன் பிள்ளை தலைமை தாங்கினார். அய்யன்காளி பேசி முடித்தபின் பெண்கள் இருவர் மேடையேறித் தம் கழுத்து மாலைகளை அறுத்தெறிந்தனர். தொடர்ந்து கூட்டத்திலிருந்த பெண்களும் அரிவாளால் அறுத்து எறிந்தனர். மேடையின் முன் கல்மாலைகள் குவியலாய்க் கிடந்தன. அவர்களைத் தடுக்க அன்று ஒருவரும் எழவில்லை.

கலவர வழக்குகளில் சிக்கிய ஏழைகளுக்காக வாதாடிய வழக்கறிஞர்க்குக் கொடுக்க அவர்களிடம் பணம் இல்லை. அதற்கு ஈடாக அவர்கள் கொல்லத்தில் ஒரு குளம் வெட்டிக் கொடுத்தனர் என்றும், அதுவே கம்மான்குளம் என்றும் கூறுவர். தானமாகப் பெறாமல், உழைப்பாகத் திருப்பித் தந்த கட்டணம் அது.

1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். அதனைக் கொண்டாட வந்த காந்தியடிகள் 1937 சனவரியில் வெங்கானூருக்கு வந்து, முதுமையும் நோயும் உற்றிருந்த அய்யன்காளியைச் சந்தித்தார். தமக்கு என்ன வேண்டும் என வினவிய அடிகளிடம், தாம் கண்மூடுமுன் தம் மக்களுள் பத்துப் பேரைப் பி.ஏ. பட்டதாரிகளாகக் காண வேண்டும் என்றே அவர் விடையளித்தார். கோயில் திறந்த மகிழ்ச்சியின் நடுவிலும் அவர் நினைவு பள்ளிக்கூடத்தின்மீதே இருந்தது.

1941ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் அய்யன்காளி மறைந்தார். வெங்கானூரிலேயே அவரது நினைவிடம் உள்ளது. 1980இல் வெள்ளயம்பலத்துச் சிலையைப் பிரதமர் இந்திரா காந்தி திறந்து வைத்தார். பிரஜா சபை கூடிய விக்டோரியா மண்டபம் 2019 முதல் அய்யன்காளி மண்டபம் என வழங்குகிறது. தீக்கிரையான ஊருட்டம்பலம் பள்ளி மீண்டும் எழுந்து, அரசுப் பள்ளியாக இன்றும் நடைபெறுகிறது. 2022இல் அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பட்டன. அன்று பாதி எரிந்த பலகை ஒன்று அங்கே காக்கப்பட்டு வருகிறது.